நல்லமுத்து அண்ணனின் முழங்கால்

நல்லமுத்து அண்ணனின் முழங்காலில் எந்தக் கோளாறும் இல்லை. இதை இப்போது சொல்வதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஆறு வருஷமாக எங்கள் எஸ்டேட்டே அவரை முழங்கால் வலிக்காரர் என்று நம்பிக்கொண்டிருந்தது. மேட்டில் ஏறும்போது பத்தடிக்கு ஒருதரம் நிற்பார். குனிந்து முழங்காலைத் தடவுவார். "சனியன் பிடிச்ச முட்டு" என்று வைவார். பிறகு நடப்பார். நொண்டவும் செய்வார். சில நாள் இடது காலை நொண்டுவார், சில நாள் வலது காலை. யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. நின்ற நேரமெல்லாம் அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

என் பெயர் ஆனந்தி. கேரளத்து மலையில் சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், அவர் இருந்த அதே லயத்தில், அதாவது கூலியாட்கள் வீட்டு வரிசையில், நாலு வீடு தள்ளிப் பிறந்தவள். பதினேழு வருஷமாக ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு உதவியாளாக இருக்கிறேன். எங்கள் லயத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அங்கே வருகிற டாக்டர்கள் மலையாளிகள், நோயாளிகள் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். அதனால் பெட்பேன் எடுப்பது, படுக்கை விரிப்பது போக, மொழிபெயர்க்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. டாக்டர் மலையாளத்தில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன். அவர்கள் தமிழில் சொல்வார்கள், நான் மலையாளத்தில் சொல்வேன். பதினேழு வருஷத்தில் ஒரு சொல்லைக் கூட்டிச் சொன்னதில்லை, குறைத்துச் சொன்னதில்லை என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள் நான். அந்தப் பெருமை இப்போது எனக்கு வேண்டாம்.

அண்ணனின் அப்பா சங்கரன்கோவில் பக்கமிருந்து மலையேறி வந்தவர். அண்ணன் லயத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் பேக்டரிக்குள் போனார். அவரைப் போட்டது சலிப்பு ரூமில். காய்ந்த தேயிலையைச் சல்லடைகளில் ஓடவிட்டுத் தூள், இலை என்று தரம் பிரிக்கிற இடம் அது. அங்கே பழுப்பு நிறத்தில் ஒரு பஞ்சு எந்நேரமும் பறந்துகொண்டிருக்கும். புருவத்தில் படியும், காதுக்குள் போகும். மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான் காபந்து. அந்தப் பஞ்சுக்குள் முப்பத்தெட்டு வருஷம் நின்றார். பீடியும் குடித்தார், அதை மறைக்கப் போவதில்லை. மகள் பிறந்த அன்று விட்டார்.

அந்த நெஞ்சு ஒரு காலத்தில் எப்படிப்பட்ட நெஞ்சு தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் மைதானத்தில் பந்தாட்டம் என்றால் நடுவர் அவர்தான். அரைக்கால் சட்டை போட்டு, தொண்ணூறு நிமிஷமும் பந்துக்குப் பின்னாலேயே ஓடுவார். அவர் ஊதினால் மேல் லயத்தில் துணி துவைக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒருதரம் சொந்த எஸ்டேட் டீமுக்கு எதிராகவே கடைசி நிமிஷத்தில் பெனால்டி கொடுத்துவிட்டார். தோற்ற பையன்கள் மண்ணாங்கட்டியை எடுத்து எறிய, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் சிரித்தபடியே நடந்தார். "பவுலுன்னா பவுலுதாண்டா. எங்கய்யாவே ஆடுனாலும் ஊதத்தான் செய்வேன்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று அன்றைக்கு எங்கள் அம்மா சொன்னாள்.

ஆறு வருஷத்துக்கு முந்தி ஒரு ஆட்டத்தில் பாதியில் நின்றார். விசிலை வாயில் வைத்திருக்கிறார், சத்தம் வரவில்லை. எல்லோரும் அவரையே பார்க்க, சட்டென்று குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் கதை அங்கே தொடங்கியது.

ஏன் பொய் சொன்னார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள். லயத்து வீடு எங்களுடையது இல்லை, வேலையினுடையது. செக்ரோல் என்கிற ஆள் பதிவில் பெயர் இருக்கிற வரைக்கும் வீடு. எஸ்டேட் டாக்டர் 'அன்பிட்' என்று எழுதிவிட்டால் பெயர் போகும், பிறகு வீடு போகும். எங்கள் அப்பா ஐம்பத்திரண்டு வயதில் எஸ்டேட் டிஸ்பென்சரியில் போய், "படி ஏறுனா இளைக்குது சார்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். மூன்று மாதத்தில் சட்டி பானையோடு ரோட்டுக்கு வந்தோம். டவுனில் ஒரு கடைக்குப் பின்னால் ஒற்றை ரூமில் அப்பா செத்தார். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் டாக்டர் யாராவது 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். நல்லா இருக்கோம்.

அண்ணனுக்கு ரிட்டயராக இரண்டு வருஷத்துக்கும் குறைவாகத்தான் பாக்கி இருந்தது. மதினி சின்னத்தாய் கொழுந்து பறிக்கிற வேலையை ஏற்கெனவே விட்டவள். ஒரே மகள் சித்ரா தேனியில் காலேஜ் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அவள் படிப்பை முடித்து ஒரு வேலையில் உட்காருகிற வரைக்கும் அந்த வீடு வேண்டும். அதற்குள் அண்ணன் அன்பிட் ஆகக்கூடாது. இவ்வளவுதான் அவர்கள் போட்ட திட்டம்.

பேக்டரியில் சிலுவைராஜ் இருந்தார். அண்ணனோடு இருபது வருஷம் ஒரே ரூமில் வேலை பார்த்தவர். தினமும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்ப் பேக்டரி வாசலில் இறக்குவார். சூப்பர்வைசர் பெயர் கூப்பிட்டு முடித்ததும், மூட்டைக்கு நம்பர் அடிக்கிற ஸ்டூலில் அண்ணனை உட்கார வைத்துவிட்டு, அவர் பங்கு மூட்டையையும் தானே இழுப்பார். எங்கள் பேக்டரியில் இது பழக்கம். ஒருத்தனுக்கு முடியாமல் போனால் மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சுமப்பார்கள், மேலே சொல்லமாட்டார்கள். சொல்கிறவனுக்கு அப்புறம் லயத்தில் தண்ணீர்கூடக் கிடைக்காது.

எனக்கு விஷயம் தெரிந்தது கார்த்திகை மாதத்தில். வீடு போய், கல்யாணமாகி வேறிடத்தில் இருந்தாலும், அந்த லயத்துக்கு மாதம் ஒருதரமாவது போய் வருவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்பை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் பின்பக்கமாகப் போனேன். அண்ணன் பலகையில் உட்கார்ந்திருந்தார். மதினி அவருக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, தோளை மேலே தூக்கித் தூக்கி, உதட்டைக் குவித்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு செம்பு ஊற்றிவிட்டு மதினி காத்திருப்பாள். அவர் தலையசைத்ததும் அடுத்த செம்பு. ஆஸ்பத்திரியில் இந்த மூச்சை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டதும் அண்ணன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். அந்த நிலைமையிலும்.

மதினி ஈரக்கையோடு என்னை வாசலுக்கு இழுத்து வந்தாள்.

"ஆனந்தி, ஒங்கிட்ட மறைக்க முடியாது. கோமணம் வரைக்கும் நாந்தான் கட்டி விடுதேன். நீ யாருகிட்டயும் சொல்லிராத. சித்ராகிட்டகூட."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க மதினி. நல்ல மருந்தெல்லாம் இருக்கு, இழுக்கிற மருந்து இருக்கு."

"வந்தா எழுதுவாகல்லா? எழுதுனா ஆபீசுக்குப் போகும்லா? ரிட்டயராக இன்னும் இருவத்திரண்டு மாசம் இருக்கு. எம்மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். எங்கள் ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்கள் காகிதம் எதுவும் எஸ்டேட் ஆபீசுக்குப் போகாது. அதை அன்றைக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் குழம்புப் பாத்திரத்தைத் திரும்ப வாங்குகிற அவசரத்தில், காற்றுவாக்கில் சொல்லியிருப்பேன். முப்பது வருஷத்துப் பயம் அதற்கெல்லாம் போகாது.

ஆடி மாத மழையில் அவருக்குச் சளி பிடித்தது. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் சிலுவைராஜும் மதினியும் ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்தார்கள். உதடு கறுத்திருந்தது. ஒரு வார்த்தை பேச இரண்டு மூச்சு தேவைப்பட்டது. டாக்டர் ஜிஜோ டியூட்டியில் இருந்தார். தொடுபுழை பக்கத்துக்காரர், முப்பது வயது இருக்கும், நல்ல பையன். ஆக்ஸிஜன், ஆவி மருந்து, ஊசி எல்லாம் பத்து நிமிஷத்தில் ஏறிவிட்டது. ரத்தம் எடுத்தோம், எக்ஸ்ரே எடுத்தோம். பிறகு அவர் அந்தத் தாளை எடுத்தார்.

அந்தத் தாள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு அந்த மழைக்காலத்தில்தான் வந்தது. டாக்டர் தான் படித்த இடத்திலிருந்து கொண்டுவந்தது. நாள்பட்ட இளைப்பு உள்ளவர்கள் திடீரென்று முற்றிப்போய் வந்தால், அவர்கள் பிழைப்பார்களா, எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார்கள் என்று முதல் நாளே கணிக்கிற கணக்கு. மொத்தம் ஐந்து கேள்வி. எக்ஸ்ரேயில் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதா, ரத்தத்தில் ஒரு வகை வெள்ளை அணு குறைந்திருக்கிறதா, ரத்தத்தில் அமிலம் ஏறிப் புளித்திருக்கிறதா, நாடி தாறுமாறாக ஓடுகிறதா. இந்த நாலுக்கும் மெஷின் பதில் சொல்லிவிடும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க். ஐந்தாவதுக்கு மனுஷர்தான் பதில் சொல்ல வேண்டும். நோய் முற்றுவதற்கு முந்தி, சாதாரண நாளில் அவர் எப்படி இருந்தார்? வெளியே போய் வந்தால் பூஜ்யம். மூச்சுக்காக வீட்டோடு கிடந்தால் ஒன்று. குளிக்கவும் உடுத்தவும் இன்னொருத்தர் கை வேண்டியிருந்தால் இரண்டு.

மொத்தம் மூன்று வந்தால் ஆபத்து. அப்படிப்பட்டவர்களை டாக்டர் அன்றைக்குச் சாயந்திரமே ஆம்புலன்ஸில் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். மூச்சைத் தள்ளிக் கொடுக்கிற மாஸ்க் மெஷின் அங்கேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் ரோட்டில் மண் சரிந்தால் பிறகு நினைத்தாலும் இறங்க முடியாது என்பதால், ஒரு நாள்கூடத் தாமதிக்கமாட்டார். ஒன்று வந்தால் எங்கள் வார்டிலேயே வைத்துப் பார்ப்பார். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு அன்று தெரியாது. எத்தனையோ தாள், அதில் இதுவும் ஒன்று என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"மதினி, இந்தச் சளி பிடிக்கிறதுக்கு முந்தி அண்ணன் எப்படி இருந்தாரு? நடந்தாரா? வெளிய போனாரா?"

மதினி டாக்டரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அந்தப் பேனாவைப் பார்த்தாள்.

"அவுக நல்லாத்தான் இருந்தாக. வெள்ளிக்கிழம வரைக்கும் வேலைக்குப் போனாக. முட்டுவலி ஒண்ணுதான். அதனால கொஞ்சம் நின்னு நின்னு நடப்பாக."

"ஆமா சார். ஒரு சிப்ட்டு விட்டதில்ல" என்றார் சிலுவைராஜ், சாட்சி சொல்கிற மாதிரி.

"குளிக்கிறது, துணி உடுத்துறது?" இதைக் கேட்கும்போது என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது.

இப்போது மதினி என்னைப் பார்த்தாள். சத்தியம் வாங்கினவள் பார்க்கிற பார்வை.

"தானாத்தான் குளிப்பாக. தானாத்தான் உடுத்துவாக."

படுக்கையிலிருந்து அண்ணனும் தலையாட்டினார். மாஸ்குக்குள் 'முட்டு' என்று வாய் அசைந்தது.

நான் டாக்டரிடம் திரும்பி, எல்லாம் தானாகவே செய்வார், வேலைக்குப் போகிறவர், முழங்கால் வலி மட்டும் உண்டு என்று மலையாளத்தில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. டாக்டர் பூஜ்யம் போட்டார். ரத்தத்தில் அந்த வெள்ளை அணு குறைந்திருந்ததால் அதற்கு ஒன்று. மற்றதெல்லாம் சரியாக இருந்தது.

"ஒண்ணுதான் சேச்சி. பேடிக்கண்டான்னு சொல்லு" என்றார் டாக்டர், பயப்பட வேண்டாம் என்று. அவர் முகம் தெளிந்திருந்தது. "மருந்துக்குக் கேட்டுரும். நாலஞ்சு நாள்ல வீட்டுக்குப் போகலாம்."

மதினி கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டர் நல்ல வார்த்தை சொன்னதற்காக என்று அவர் நினைத்திருப்பார். பேனாவிடமிருந்து தப்பித்ததற்காகக் கும்பிட்டாள் என்று எனக்குத் தெரியும்.

சாயந்திரம் சித்ராவுக்கு நான்தான் போன் போட்டேன். புதன்கிழமை அவளுக்குப் பரீட்சை. ஓடி வருகிறேன் என்று அழுதாள்.

"அழாதடி. டாக்டர் கணக்குப் போட்டுப் பாத்துட்டாரு. ஆபத்து இல்லாத கேசு. நீ பரீட்ச எழுதிட்டே வா. இங்க நான் இருக்கேன்."

இந்த வார்த்தைகளை நான் சொன்னேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அண்ணன் கொஞ்சம் தேறின மாதிரி இருந்தார். இரண்டு இட்லியைப் பிய்த்துத் தின்றார். மதினி குளிக்கப் போன நேரத்தில் விரலை ஆட்டி என்னைக் கூப்பிட்டார். மாஸ்கை விலக்கினார்.

"டாக்டரு... என்னத்தா எழுதுனாரு?"

"நல்லா இருக்கீங்கன்னுதான் எழுதியிருக்காருண்ணே."

"முட்டுன்னு... எழுதியாச்சா?"

"எழுதியாச்சு."

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கோல் செல்லும் என்பதற்கு மைதானத்தில் அவர் இப்படித்தான் காட்டுவார். ஆனால் அவர் மாஸ்கைத் திரும்ப மாட்டிக்கொள்ளக் கை தூக்கியபோது, பாதியில் கை விழுந்துவிட்டது. நான்தான் மாட்டிவிட்டேன். டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நாலே முக்காலுக்கு டாக்டர் ரூம் வாசலில் போய் நின்றேன். முற்றத்தில் ஆம்புலன்ஸ் சும்மாத்தான் நின்றது. டாக்டர் போனில் பேசிக்கொண்டிருந்தார், கையைக் காட்டி இருக்கச் சொன்னார். நின்றேன். நின்ற நேரத்தில் புத்தி பல திசையிலும் ஓடியது. ஆள் தேறி வருகிறார். கணக்கும் ஒன்றுதான் வந்திருக்கிறது. போட்டுக்கொடுத்தவள் என்று லயத்தில் பெயர் வாங்கவேண்டுமா? நாளைக் காலையில் சொன்னால் போதாதா? ஐந்து மணி பஸ் வேறு கீழே ஹாரன் அடித்தது. போய்விட்டேன். அந்தப் பஸ்ஸைப் பிடிக்க நான் ஓடினேன் என்பதை நினைத்தால் என் காலை நானே முறித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் ஏழு மணிக்கு வந்தேன். வார்டு வாசலிலேயே தெரிந்துவிட்டது. டாக்டர் கட்டிலோரம் நின்று கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். விடிகிற நேரத்தில் அண்ணன் தூங்குகிறார் என்று மதினி நினைத்திருக்கிறாள். இரண்டு நாளாகத் தூங்காதவர் தூங்கட்டும் என்று போர்வையை இழுத்துவிட்டிருக்கிறாள். அது தூக்கம் இல்லை. வெளியே விட வேண்டிய கெட்ட காற்று உள்ளேயே தங்கி மயக்கியிருக்கிறது. ஆம்புலன்ஸைத் தயார் பண்ணினோம். கீழே இறங்குகிற ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது, அள்ள இரண்டு மணி நேரம் ஆகும் என்று தகவல் வந்தது. பையை மாற்றி மாற்றி அழுத்தினோம். டாக்டர், நர்ஸ், பிறகு நான். என் கைக்குள் அந்தப் பை இருந்தபோதுதான் நாடி நின்றது. மணி ஒன்பது நாற்பது.

சித்ராவுக்குப் பத்து மணிக்குப் பரீட்சை. போன் அணைந்திருந்தது. முப்பது தரம் அடித்தேன்.

மதினியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பினால், டாக்டர் தாழ்வாரத்தில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தப்பு எங்கே என்று தேடுகிற முகம்.

"ஒண்ணு உள்ள ஆள் இப்படிப் போகாது சேச்சி. எனக்கு மனசிலாகல. நான் எங்கயோ எதையோ விட்டிருக்கேன்."

அந்தப் பையன் தன் தலையில் போட்டுக்கொள்வதைப் பார்க்கப் பொறுக்காமல் சொன்னேன். முழங்காலைச் சொன்னேன், பலகையைச் சொன்னேன், கோமணத்தைச் சொன்னேன், ஸ்டூலையும் சொன்னேன். எட்டு மாதமாகத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம். சுவரில் தாளை வைத்துப் பூஜ்யத்தை அடித்து இரண்டு என்று எழுதினார். கீழே ஒன்றை அடித்து மூன்று என்று எழுதினார்.

"திங்கக்கிழமையே கீழ விட்டிருப்பேன்" என்றார்.

"விட்டிருந்தா பிழைச்சிருப்பாரா சார்?"

"அறியில்ல சேச்சி. உறப்பாச் சொல்ல முடியாது." பேனாவை மூடினார். "ஆனா மூணு உள்ளவங்கள்லயும் முக்கால்வாசிக்கு மேல வீட்டுக்குத் திரும்பிப் போகும்."

"இந்தத் தாள் எங்க போகும் சார்? எஸ்டேட்டுக்குப் போகுமா?" பதில் தெரிந்தேதான் கேட்டேன்.

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "எஸ்டேட்டுக்கு எதுக்கு? இது என் மேசைலதான் இருக்கும். சிகிச்சைக்கு உள்ளது."

நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எங்கள் அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

சாயந்திரம் போடிமெட்டு வழியாகச் சித்ரா வந்து சேர்ந்தாள். பரீட்சை எழுதின பேனா சட்டைப்பையிலேயே இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

"நீங்கதான அத்த சொன்னீங்க, பரீட்ச எழுதிட்டு வான்னு."

ஆமாம் என்றேன். அவள் அதற்குப் பிறகு காரியம் முடிகிற வரைக்கும் என்னோடு பேசவில்லை. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

பதினாறாம் நாள் முடிந்த வாரம் ஆபீசிலிருந்து கிளார்க் ரத்தினசாமி வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அண்ணன் வேலையில் இருக்கும்போதே இறந்திருக்கிறார், ரிக்கார்டில் ஒரு குறையும் இல்லை, அதனால் மகள் விரும்பினால் வேலையில் சேரலாம், படிப்பு முடிகிற வரைக்கும் பொறுத்துக்கொள்ள மேனேஜர் சம்மதித்திருக்கிறார், வீட்டை யாரும் கேட்கமாட்டார்கள் என்றார். காகிதத்தில் மதினியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அடுப்பில் பால் பொங்கியது, சித்ரா இறக்கி வைத்தாள். பிறகு மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளில் முதல்தரமாக அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

"மூச்சு நிக்கிற வரைக்கும் அவுக தன்னைக் காட்டிக் குடுக்கல பாத்தியா" என்றாள். "எனக்குத்தான் பயமாக் கெடந்துச்சு. டாக்டரு அத்தன கேள்வி கேட்டாரு. எங்கயாவது வாய் தவறிருவேனோன்னு அந்தப் பேனாவயே பாத்துக்கிட்டிருந்தேன். ஏன் ஆனந்தி, நான் அன்னைக்கு எல்லாம் சரியாத்தான சொன்னேன்?"

சித்ரா கரண்டியைக் கையில் வைத்தபடி திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது.

"சரியாத்தான் சொன்னீங்க மதினி" என்றேன்.

மதினி என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.